டேக் போட்டதும் ஆவணத் தளமும் மாற வேண்டும்: கமாண்ட் லைன் டூலுக்கான டிப்ளாய் வழி

பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் உதவட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். கோ மொழியில் எழுதிய ஒரு திறமூல கமாண்ட் லைன் டூல். கட்டளைகள் கோப்ரா நூலகத்தைக் கொண்டு அமைந்தவை. ஆவணங்கள் அதே ரெப்போவில் டாக்ஸ் ஃபோல்டரில் மார்க்டவுனாக இருக்கின்றன. எம்கேடாக்ஸ் வைத்துத் தளமாக்கி, கிட்ஹப் பேஜஸில் (கிட்ஹப் தரும் இணையதள வசதி) போடுகிறீர்கள். ஒவ்வொரு ரிலீஸுக்கும் உங்கள் லேப்டாப்பில் பில்ட் செய்து கையால் புஷ் செய்கிறீர்கள். கடைசி இரண்டு ரிலீஸில் அது விட்டுப்போயிற்று. இதைத் தானாக நடக்க வைப்பது எப்படி என்பது கேள்வி.

மெயினில் (முதன்மைப் பிராஞ்ச்) ஏதாவது மெர்ஜ் ஆனால் உடனே தளம் ஏறட்டும் என்று ஒரு வொர்க்ஃப்ளோ (கிட்ஹப்பில் தானாக ஓடும் வேலைத் தொடர்) போட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். பத்து நிமிட வேலைதான். நானும் ஒரு டூலுக்கு அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு நாள் ஒருவர் பிழைப் பதிவு போட்டார்: ஆவணத்தில் சொல்லியிருக்கும் ஃப்ளாக்கை (கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் விருப்பம்) கொடுத்தால் அப்படி ஒரு ஃப்ளாக்கே இல்லை என்று டூல் சொல்கிறது. அவர் இயங்குதளம் என்ன, ஷெல் என்ன, எப்படி நிறுவினார் என்றெல்லாம் கேட்டு இரண்டு நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால் விஷயம் எளிது. அந்த ஃப்ளாக் மெயினில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ரிலீஸ் இன்னும் வரவில்லை. தளம் நாளைய டூலைப் பற்றிப் பேசியது, அவர் கையில் இருந்ததோ இன்றைய டூல். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவருடைய இரண்டு நாளை நாங்கள் வீணாக்கினோம்.

அதனால் நான் இப்போது ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொள்கிறேன்: ஆவணத் தளமும் ரிலீஸில் ஒரு பொருள். பைனரி, செக்சம் கோப்பு, மேன் பக்கம் (டெர்மினலில் படிக்கும் கையேடு) இவற்றோடு சேர்ந்து அதே டேக்கிலிருந்து, அதாவது அந்தப் பதிப்புக்கு கிட்டில் வைத்த பெயரிலிருந்து, அதுவும் வர வேண்டும். கமாண்ட் லைன் டூலுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். இணையச் சேவை என்றால் எல்லோரும் ஒரே பதிப்பைத்தான் பயன்படுத்துவார்கள். கமாண்ட் லைன் டூலை ஒருவர் நேற்று ஹோம்ப்ரூவில் நிறுவியிருப்பார், இன்னொருவர் டெபியன் நிலைப் பதிப்பில் வந்த இரண்டு வருடப் பழைய பொதியை வைத்திருப்பார். எந்தப் பதிப்பைப் பற்றித் தளம் பேசுகிறது என்று தெரியாவிட்டால் அதில் எழுதியிருப்பதை நம்பவே முடியாது.

எப்போது ஏற்றுவது

சரி, டேக் போட்டால் ஏறட்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். உடனே வொர்க்ஃப்ளோவில் "ரிலீஸ் வெளியானால் ஓடு" என்று எழுதுவீர்கள். இங்கே இரண்டு குழிகள் உண்டு. இரண்டிலும் விழாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

முதல் குழி: உங்கள் ரிலீஸையே ஒரு வொர்க்ஃப்ளோதான் உருவாக்குகிறது என்றால் (கோ டூல்களில் பெரும்பாலும் கோரிலீஸர் அந்த வேலையைச் செய்யும்), வொர்க்ஃப்ளோவுக்குள் தானாகக் கிடைக்கும் கிட்ஹப் டோக்கனை (அனுமதிச் சாவி) கொண்டுதான் அது ரிலீஸை வெளியிடும். அந்த டோக்கனால் நடக்கும் நிகழ்வுகள் வேறொரு வொர்க்ஃப்ளோவை எழுப்பாது. ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே முடிவில்லாமல் ஓடக் கூடாது என்று கிட்ஹப் வேண்டுமென்றே வைத்த கட்டுப்பாடு அது. எனவே ரிலீஸ் வெளியாகும், ஆவண வொர்க்ஃப்ளோ அசையாது, சிவப்புக் குறியும் வராது. ஒன்றுமே நடக்காததற்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது என்பதால் இது வாரக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கும். பலர் இதைத் தாண்டத் தங்கள் சொந்தக் கணக்கின் டோக்கனை எடுத்து ரகசியமாகச் சேமித்து வைக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். அந்த டோக்கன் காலாவதியாகும் நாளில் ரிலீஸ் நிற்கும். அது கசிந்தால் உங்கள் கணக்கே போகும்.

இரண்டாம் குழி: கிட்ஹப் பேஜஸை வொர்க்ஃப்ளோ வழியாக ஏற்றும்போது, "கிட்ஹப்-பேஜஸ்" என்ற பெயரில் ஒரு என்விரான்மென்ட் (எங்கிருந்து ஏற்றலாம் என்ற விதிகளை வைக்கும் அமைப்பு) தானாக உருவாகிறது. இயல்பாக அதில் டீஃபால்ட் பிராஞ்சுக்கு மட்டுமே ஏற்ற அனுமதி. டேக்கிலிருந்து ஓடும் வொர்க்ஃப்ளோ பில்ட் எல்லாம் முடித்து, கடைசிப் படியில், இந்த டேக்குக்கு ஏற்ற அனுமதி இல்லை என்று சொல்லி நிற்கும். அமைப்புகளில் போய் டேக் வடிவத்தைச் சேர்த்து அனுமதிக்கலாம். ஆனால் அது வொர்க்ஃப்ளோவை எழுதும் யாமல் கோப்பில் தெரியாத ஓர் அமைப்பு. நாளை இன்னொருவர் பொறுப்பேற்றால், அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

இரண்டு குழிகளையும் ஒரே வழியில் தாண்டலாம். ஆவண வொர்க்ஃப்ளோவை வொர்க்ஃப்ளோ டிஸ்பாட்ச் முறையில், அதாவது கூப்பிட்டால் ஓடும்படி, எழுதுங்கள். அதற்கு ஒரே ஓர் உள்ளீடு: எந்த டேக்கை அல்லது பிராஞ்சை எடுத்துத் தளமாக்க வேண்டும் என்பது. ரிலீஸ் வொர்க்ஃப்ளோவின் கடைசிப் படியில், கிட்ஹப் சிஎல்ஐ கொண்டு இந்த ஆவண வொர்க்ஃப்ளோவை மெயின் பிராஞ்சில் எழுப்பி, உள்ளீடாகப் புதிய டேக்கின் பெயரைக் கொடுங்கள். மற்ற நிகழ்வுகளை எழுப்பாத அதே டோக்கன், வொர்க்ஃப்ளோ டிஸ்பாட்சுக்கு விதிவிலக்காக அனுமதிக்கப்படுகிறது. ரிலீஸ் வேலைக்கு ஆக்‌ஷன்ஸ் எழுதும் அனுமதி கொடுத்தால் போதும். ஓடும் இடம் மெயின் என்பதால் என்விரான்மென்ட் தடையும் வராது. செக்-அவுட் செய்வது மட்டும் டேக்கை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. ரிலீஸ் ஆன மறுநாள், நிறுவும் பக்கத்தில் ஒரு கட்டளை தப்பாக இருப்பதைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்காக 1.4.1 வெளியிட முடியாது. அடுத்த ரிலீஸ் வரை தப்பான கட்டளையை விட்டுவைக்கவும் கூடாது. மெயினில் முதலில் திருத்துங்கள். பிறகு 1.4.0 டேக்கிலிருந்து ஒரு சிறு பிராஞ்ச் எடுத்து அந்தத் திருத்தத்தை மட்டும் செர்ரி-பிக் செய்து, அதே ஆவண வொர்க்ஃப்ளோவை அந்தப் பிராஞ்சின் பெயரோடு கையால் ஓட்டுங்கள். தளம் 1.4 தான், எழுத்துப் பிழை மட்டும் போய்விட்டது. மெயினில் முன்பே திருத்தியதால் அடுத்த டேக் வரும்போது பழைய பிழை திரும்பி வராது.

இன்னொரு நிபந்தனையும் வேண்டும். 1.4 வெளியான பிறகு, பழைய வரிசைக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தமாக 1.3.5 வெளியிடுவீர்கள். அப்போது தளம் 1.3க்குப் பின்வாங்கிவிடக் கூடாது. முன்னோட்ட டேக்கும் (2.0 வெளியாகும் முன் வரும் 2.0-ஆர்சி1 போன்றது) தளத்தை மாற்றக் கூடாது. டேக்குகளை வரிசைப்படுத்திக் கடைசியானதை எடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் கிட்டின் பதிப்பு வரிசையில், தனியாக அமைப்பு மாற்றாவிட்டால், 2.0-ஆர்சி1 என்பது 2.0க்குப் பின்னால் போய் நிற்கும். அதைவிடக் கிட்ஹப்பிடமே "லேட்டஸ்ட் ரிலீஸ் எது" என்று கேளுங்கள். முன்னோட்டங்களையும் வரைவுகளையும் விட்டுவிட்டுத்தான் அது பதில் தரும். வந்த பெயரும் இப்போதைய டேக்கும் ஒன்றானால் மட்டும் ஆவண வொர்க்ஃப்ளோவை எழுப்புங்கள். 1.3.5 வெளியிடும்போது மட்டும், அதை லேட்டஸ்ட் என்று குறிக்க வேண்டாம் என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

டூலிலிருந்தே எடுக்கும் பக்கங்கள்

தளத்தை ஏற்றும் யாமலை எழுத ஒரு மாலை போதும். உண்மையான உழைப்பு இங்கேதான் இருக்கிறது, உண்மையான பலனும் இங்கேதான்.

ஒவ்வொரு கட்டளைக்கும் அதன் ஃப்ளாக்குகளுக்குமான பக்கங்களைக் கையால் எழுதாதீர்கள். கோப்ராவில் அதற்கென்றே ஒரு தொகுப்பு உண்டு. மூலக் கட்டளையைக் கொடுத்தால், கிளைக் கட்டளைகள் அத்தனைக்கும் தனித்தனி மார்க்டவுன் கோப்பாக எழுதித் தந்துவிடும். மேன் பக்கமும் அதே மூலத்திலிருந்து வரும். கிட்ஹப் சிஎல்ஐயின் கையேடு அப்படித்தான் உருவாகிறது: கட்டளைகளின் வரையறையிலிருந்து மார்க்டவுன் எழுதும் ஒரு சிறு நிரல் அதன் ரெப்போவிலேயே இருக்கிறது. பைத்தானில் கிளிக், ரஸ்ட்டில் கிளாப் என்று மற்ற மொழிகளிலும் இதற்கு வழி உண்டு.

ஆனால் ஓடவிட்டு வெளிவந்ததை அப்படியே ஏற்றினால் சில விநோதங்களைப் பார்ப்பீர்கள். ஒரு பக்கத்தை எடுத்துப் பார்ப்போம். அமைப்புக் கோப்பு எங்கே என்று சொல்லும் ஃப்ளாக் இருக்கிறது. அதன் இயல்பு மதிப்பை, பயனரின் ஹோம் ஃபோல்டரைக் கேட்டு நிரல் கணக்கிடுகிறது. உங்கள் கணினியில் ஓட்டினால் உங்கள் பெயர் வரும். கிட்ஹப்பில் ஓட்டினால், உலகம் முழுக்கப் படிக்கும் பக்கத்தில், இயல்பு மதிப்பு "ஹோம், அதற்குள் ரன்னர், அதற்குள் கான்ஃபிக்" என்று வரும். ரன்னர் என்பது அந்த மெய்நிகர் கணினியின் பயனர் பெயர். படிப்பவருக்கு அது ஒன்றும் புரியாது. தன் கணினியில் அப்படி ஒரு ஃபோல்டரைத் தேடுபவரும் உண்டு. அதற்கு அடுத்த வரியில் ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்ற ஃப்ளாக். அதன் இயல்பு மதிப்பு கணினியின் கோர் எண்ணிக்கை. பக்கத்தில் 4 என்று அச்சாகியிருக்கும்; அது படிப்பவரின் கணினிக்குப் பொருந்த வேண்டியதில்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. கோப்ரா பயன்படுத்தும் ஃப்ளாக் நூலகத்தில், உண்மையான மதிப்பு வேறு, உதவியில் காட்டும் மதிப்பின் எழுத்து வேறு. காட்டும் எழுத்தை மட்டும் ஹோமைக் குறிக்கும் அலைக்குறி என்றும், "கோர் எண்ணிக்கை" என்றும் வைத்துவிடுங்கள். பக்கமும் சரியாகும், ஹெல்ப்பும் தெளிவாகும்.

அதே பக்கத்தின் விளக்கப் பத்தியில் இன்னொன்று. ஹெல்ப் உரையில், இங்கே கோப்பின் பெயரைக் கொடுங்கள் என்று காட்டக் கோண அடைப்புக்குள் ஒரு சொல் எழுதியிருப்பீர்கள். டெர்மினலில் அது அழகாகத் தெரியும். கோப்ரா அந்த நீண்ட விளக்கத்தை அப்படியே மார்க்டவுனில் இறக்கிவிடுகிறது. பிரவுசர் அதை ஏதோ ஒரு எச்டிஎம்எல் குறி என்று எடுத்துக்கொண்டு மறைத்துவிடும். "பிறகு ____ ஐக் கொடுங்கள்" என்று வாக்கியம் நடுவில் ஓட்டையோடு நிற்கும். பில்ட் தோற்காது, எச்சரிக்கையும் வராது. டாக்குசாரஸ் போன்ற தள உருவாக்கிகளில் எம்டிஎக்ஸ் (அவை படிக்கும் மார்க்டவுன் வகை) காரணமாகப் பில்டே நின்றுவிடும். அது ஒரு வகையில் நல்லது. எம்கேடாக்ஸில், பக்கங்களை எழுதும் உங்கள் நிரலிலேயே அந்த அடைப்புகளை மாற்றிவிடுவதுதான் வழி.

அப்புறம் தேதி. கோப்ரா ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், இது தானாக எழுதப்பட்டது என்று அன்றைய தேதியோடு ஒரு வரி போடும். ஒன்றுமே மாறாவிட்டாலும் மறுநாள் எல்லாப் பக்கமும் மாறியதாகத் தெரியும். அந்த வரியை நிறுத்த மூலக் கட்டளையில் ஓர் அமைப்பு உண்டு. முதல் நாளே போட்டுவிடுங்கள். பைத்தானில் ஃப்ளாக்குகளைப் படிக்கும் ஆர்க்பார்ஸ் நூலகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு இதே தொல்லை வேறு உருவில் வரும்: 3.10 பதிப்பில் உதவியின் ஒரு தலைப்பு "ஆப்ஷனல் ஆர்க்யுமென்ட்ஸ்" என்பதிலிருந்து "ஆப்ஷன்ஸ்" என்று மாறியது, 3.13இல் ஃப்ளாக் வரியின் வடிவமே மாறியது. டெர்மினலின் அகலத்தைப் பொறுத்து வரிகளும் மடியும். பைத்தான் பதிப்பையும் அகலத்தையும் நிலையாக வைக்காவிட்டால், உங்கள் கணினியில் வருவதும் சிஐயில் (கோடைத் தானாகப் பில்ட் செய்து சோதிக்கும் இடம்) வருவதும் ஒன்றாக இருக்காது.

இப்படி எடுத்த பக்கங்களை ரெப்போவில் கமிட் செய்வதா, பில்டின்போது மட்டும் உருவாக்குவதா என்று எப்போதும் விவாதம் நடக்கும். நான் கமிட் செய்யும் பக்கம். ஒருவர் கோடில் ஒரு ஃப்ளாக்கின் பெயரை மாற்றினால், அதே புல் ரெக்வெஸ்டில் (மாற்றத்தை மெர்ஜ் செய்யக் கேட்கும் கோரிக்கை) ஆவணப் பக்கமும் மாறுவது தெரியும். பயனர் கண்ணில் என்ன மாறப்போகிறது என்பதை மெர்ஜுக்கு முன்பே எல்லோரும் பார்த்துவிடுகிறோம். கோடை மட்டும் படித்தால் தவறவிடக்கூடிய பொருத்த முறிவுகள் சிலவற்றை இப்படித்தான் பிடித்திருக்கிறேன்.

இதற்குச் சிஐயில் ஒரு சோதனை வேண்டும்: பக்கங்களை மறுபடி உருவாக்கு, கமிட் செய்ததோடு வேறுபட்டால் தோல்வி என்று சொல். இதை எல்லோரும் கிட் டிஃப் கொண்டு எழுதுகிறார்கள். கிட்டுக்கு இன்னும் அறிமுகமே ஆகாத புதிய கோப்பு கிட் டிஃப் பட்டியலில் வராது. புதிய கட்டளையைச் சேர்த்துவிட்டு அதன் பக்கத்தைக் கமிட் செய்ய மறந்தால் சோதனை பச்சை காட்டும். கிட் ஸ்டேட்டஸின் போர்சலின் (ஸ்கிரிப்டுகள் படிக்க ஏற்ற) வெளியீடு காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், அது புதிய கோப்புகளையும் காட்டும். உருவாக்கும் முன் அந்த ஃபோல்டரை முழுதாகக் காலி செய்வதும் முக்கியம். இல்லாவிட்டால், நீக்கிய கட்டளையின் பக்கம் தளத்தில் உயிரோடு இருந்துகொண்டே இருக்கும்.

ஏற்றும் வேலை

இதை வேகமாகச் சொல்லிவிடலாம். கிட்ஹப் 2022இல் பேஜஸுக்குத் தனிப்பயன் வொர்க்ஃப்ளோ வழியைத் திறந்தது. அதற்கு முன் எல்லோரும் ஜிஎச்-பேஜஸ் என்ற பிராஞ்சில் உருவான எச்டிஎம்எல்லைப் புஷ் செய்துகொண்டிருந்தோம். இப்போது பில்ட் செய்த ஃபோல்டரை ஆர்ட்டிஃபேக்டாக (வொர்க்ஃப்ளோ சேமித்துவைக்கும் கோப்புத் தொகுப்பு) ஏற்றி, கிட்ஹப் தரும் டிப்ளாய்-பேஜஸ் ஆக்‌ஷனிடம் விட்டால் போதும். வேலைக்குத் தேவை பேஜஸ் எழுதும் அனுமதி, ஐடி-டோக்கன் எழுதும் அனுமதி, ரெப்போவைப் படிக்கும் அனுமதி. ரகசியம் எதுவும் தேவையில்லை. பில்டையும் டிப்ளாயையும் இரண்டு தனி வேலையாகப் பிரியுங்கள்: எம்கேடாக்ஸ் ப்ளகின்கள் ஓடும் வேலைக்கு எழுதும் அனுமதி எதுவும் இருக்கக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு டிப்ளாய் மோதாமல் இருக்க கன்கரன்சி குழு ஒன்று வையுங்கள், ஓடிக்கொண்டிருப்பதை ரத்து செய்ய வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

பழைய பிராஞ்ச் முறையிலிருந்து மாறும்போது, டொமைன் பெயரை எழுதிவைக்கும் சிநேம் கோப்பைப் பற்றிக் குழப்பம் வரும். சொந்த டொமைன் வைத்திருந்தால், பிராஞ்ச் முறையில் அந்தக் கோப்பு ஒவ்வொரு புஷ்ஷிலும் இருந்தாக வேண்டும். யாராவது பிராஞ்சை அழித்து எழுதினால் டொமைனே கழன்றுவிடும். வொர்க்ஃப்ளோ முறையில் கிட்ஹப் அந்தக் கோப்பைப் பார்ப்பதே இல்லை, அமைப்புகளில் எழுதியதுதான் கணக்கு. பிராஞ்ச் முறையிலேயே இருப்பவர்கள், ஸ்பிங்ஸ் என்ற தள உருவாக்கியைப் பயன்படுத்தினால், நோஜெக்கில் என்ற காலிக் கோப்பை மறக்காதீர்கள். அடிக்கோட்டில் தொடங்கும் ஃபோல்டர்களை ஜெக்கில் (பிராஞ்ச் முறையில் பேஜஸ் இயல்பாக ஓட்டும் உருவாக்கி) விட்டுவிடும், ஸ்பிங்ஸின் ஸ்டைல் கோப்புகள் எல்லாம் அப்படிப்பட்ட ஃபோல்டரில்தான் இருக்கின்றன. தளம் வண்ணம், அமைப்பு எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தாக வந்து நிற்கும்.

பழைய பதிப்புகளின் ஆவணத்தையும் தளத்தில் வைக்க வேண்டுமா? மைக் என்ற டூல் அதைச் செய்யும்: ஒவ்வொரு பதிப்பையும் தனி ஃபோல்டரில் வைத்து, லேட்டஸ்ட் என்ற மாற்றுப் பெயரைப் புதியதன் பக்கம் திருப்பும். பழைய பதிப்புகளை மறுபடி பில்ட் செய்யாது என்பது அதன் பெரிய நன்மை; இரண்டு வருடம் முன் ஏற்றியது அப்படியே இருக்கும். ஆனால் அது பிராஞ்ச் முறையில் வேலை செய்கிறது, வொர்க்ஃப்ளோ முறையோ ஒவ்வொரு முறையும் முழுத் தளத்தையும் மாற்றிவிடுகிறது. மைக்கைச் சிஐயில் ஓட்டும்போது, செக்-அவுட் இயல்பாக ஒரே ஒரு கமிட்டை மட்டும்தான் எடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஜிஎச்-பேஜஸ் பிராஞ்சைத் தனியாக ஃபெட்ச் செய்ய வேண்டும். பேஜஸுக்குப் பதிலாக ரீட் த டாக்ஸ் என்ற ஆவணத் தளச் சேவையை எடுத்துக்கொண்டால் பதிப்பு, லேட்டஸ்ட், ஸ்டேபிள் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

உங்கள் டூலின் அளவுக்கு இது இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. பழைய பதிப்பு வைத்திருப்பவருக்கு அவருடைய பைனரியின் ஹெல்ப்பும் மேன் பக்கமும் இருக்கின்றன. அவை எப்போதும் சரியான பதிப்பு. அதனால்தான் மேன் பக்கங்களை ரிலீஸ் பொதியில் சேர்ப்பதை வலியுறுத்துகிறேன். தளத்தில் இரண்டு காரியம் செய்யுங்கள்: ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இது எந்தப் பதிப்புக்கானது என்று தெரியட்டும் (எம்கேடாக்ஸ் அமைப்புக் கோப்பு என்விரான்மென்ட் மாறியைப் படிக்கும், அதில் டேக்கைக் கொடுத்தால் போதும்), புதிதாக வந்த ஃப்ளாக்கின் அருகில் "1.4 முதல்" என்று எழுதுங்கள்.

எந்தத் தள உருவாக்கி நல்லது என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. எம்கேடாக்ஸுக்கான மெட்டீரியல் தீமை (தள வடிவமைப்பு) எழுதிய குழுவே 2025 நவம்பரில் ஜென்சிக்கல் என்ற புதிய உருவாக்கியை அறிவித்துவிட்டது. இவை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு குறிப்பிட்ட தீமின் சிறப்புக் குறிகளை நூற்றுக்கணக்கான பக்கங்களில் தூவாமல், மார்க்டவுனை எளிமையாக வைத்திருந்தால் மாறுவது வலிக்காது.

புல் ரெக்வெஸ்டும் பாதுகாப்பும்

புல் ரெக்வெஸ்டில் தளம் ஏறக் கூடாது. பில்ட் மட்டும் ஆகட்டும், அதுவும் ஸ்ட்ரிக்ட் முறையில். அப்போதுதான் உடைந்த உள் இணைப்பு ஒன்று இருந்தாலும் தோற்கும். வெளி இணைப்புகளை இங்கே சோதிக்காதீர்கள். யாருடைய தளமோ ஐந்து நிமிடம் படுத்ததற்காக, ஒரு புதுப் பங்களிப்பாளரின் முதல் புல் ரெக்வெஸ்டில் சிவப்புக் குறி வருவது அநியாயம். வாரத்துக்கு ஒரு முறை ஓடும் தனி வொர்க்ஃப்ளோவில் லிச்சி போன்ற ஓர் இணைப்புச் சோதனை டூலை வைத்து அதைப் பாருங்கள். பொது ரெப்போவில் 60 நாள் எந்த அசைவும் இல்லாவிட்டால், நேரம் குறித்து ஓடும் வொர்க்ஃப்ளோக்களைக் கிட்ஹப் நிறுத்திவிடும் என்பதும் தெரிந்திருக்கட்டும். அமைதியாக இருக்கும் முதிர்ந்த டூல்களில் இது அடிக்கடி நடக்கும்.

ஃபோர்க்கிலிருந்து (வெளியார் எடுத்த ரெப்போ நகல்) வரும் புல் ரெக்வெஸ்டுக்கு எழுதும் அனுமதியோ ரகசியமோ கிடைக்காது. மாறிய தளத்தின் முன்னோட்டம் காட்ட வேண்டும் என்ற ஆசையில் சிலர் புல் ரெக்வெஸ்ட் டார்கெட் நிகழ்வுக்கு மாறி, வந்தவரின் கோடைச் செக்-அவுட் செய்து பில்ட் செய்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் கோடை உங்கள் ரெப்போவின் உரிமையோடு ஓட்டுவது அது. ஆவண பில்ட்தானே என்று நினைக்க வேண்டாம். எம்கேடாக்ஸ் அமைப்புக் கோப்பே பைத்தான் ஹுக்குகளை ஓட்டும். முன்னோட்டம் வேண்டுமானால் ரீட் த டாக்ஸ் அல்லது நெட்லிஃபை தரும் முன்னோட்டத்தை எடுங்கள். அல்லது பில்ட் ஆன தளத்தை ஆர்ட்டிஃபேக்டாக வையுங்கள், பார்ப்பவர் இறக்கிப் பார்க்கட்டும்.

வெளியார் எழுதிய ஆக்‌ஷன்களைக் குறைவாகப் பயன்படுத்துங்கள். பயன்படுத்தும் ஒவ்வொன்றையும், பதிப்பு டேக்கை விட்டு, முழுக் கமிட் எண்ணால் குறியுங்கள். 2025 மார்ச்சில், மாறிய கோப்புகளைப் பட்டியலிடும் ஒரு பிரபல ஆக்‌ஷனில் யாரோ நுழைந்து, அதன் பழைய டேக்குகள் எல்லாவற்றையும் தீய கமிட்டின் பக்கம் திருப்பிவிட்டார்கள். 23,000க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. ரகசியங்கள் பில்ட் லாகில் அச்சாயின. டேக்கை நம்பியவர்கள் சிக்கினார்கள், ஏற்கெனவே நல்ல கமிட் எண்ணைக் குறித்திருந்தவர்களைத் திருப்பிவிட்ட டேக்குகள் தொடவில்லை. எண்களைப் புதுப்பிக்க டிபெண்டபாட் இருக்கிறது. அதை விட்டுவிடவும் கூடாது: 2025 ஜனவரி இறுதியில் ஆர்ட்டிஃபேக்ட் ஆக்‌ஷனின் மூன்றாம் பதிப்பை கிட்ஹப் நிறுத்தியபோது, வருடக்கணக்கில் தொடாமல் கிடந்த ஆவண வொர்க்ஃப்ளோக்கள் பல ஒரே நாளில் நின்றுபோயின.

ஏறியதா என்று பார்ப்பது

பச்சைக் குறி வந்தால் ஏற்றும் வேலை முடிந்தது என்று மட்டும்தான் பொருள். படிப்பவருக்குச் சரியான பக்கம் கிடைக்கிறதா என்பது வேறு விஷயம். நான் பில்டின்போது தளத்தின் மேல்மட்ட ஃபோல்டரில் ஒரு சிறு உரைக் கோப்பு வைத்து, அதில் டேக்கை மட்டும் எழுதுகிறேன். டிப்ளாய் முடிந்ததும் கடைசிப் படி அந்தக் கோப்பை இணையத்தில் போய் எடுத்து, டேக்கோடு ஒப்பிடுகிறது. பேஜஸ் பக்கங்கள் 600 நொடி கேஷ் குறிப்போடு வருகின்றன, எனவே பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலாகவே காத்திருந்து, இடைவெளி விட்டுப் பலமுறை முயல வேண்டும். அதற்குப் பிறகும் பழையதே வந்தால் வேலை தோற்கட்டும், உங்களுக்கு மின்னஞ்சல் வரட்டும். உங்களுக்கு இரண்டு ரிலீஸாக விட்டுப்போனது ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

இதே படியில் இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள். உங்கள் டூலின் பிழைச் செய்திகள் சிலவற்றில், மேலும் அறிய இந்தப் பக்கத்தைப் பாருங்கள் என்று தளத்தின் முகவரி இருக்கும். அந்த முகவரி பைனரிக்குள் பதிந்தது, திரும்ப எடுக்க முடியாது. யாரோ ஒருவரின் சர்வரில் இரவு இரண்டு மணிக்கு ஏதோ உடைந்து, அவர் அந்த வரியைத்தான் முதலில் பிடிப்பார். அங்கே 404 வந்தால் அவர் என்ன செய்வார்? கோடில் இருக்கும் தள முகவரிகளை எல்லாம் கிரெப் செய்து ஒரு கோப்பில் வையுங்கள். பழைய பதிப்புகளில் இருந்தவையும் அதில் இருக்கட்டும், ஒன்றையும் நீக்க வேண்டாம். டிப்ளாய் முடிந்ததும் ஒவ்வொரு முகவரிக்கும் பக்கம் வருகிறதா என்று அந்த வேலையே தட்டிப் பார்க்கட்டும். பக்கத்தின் பெயரை மாற்ற வேண்டி வந்தால், எம்கேடாக்ஸின் ரீடைரக்ட் ப்ளகினில் பழைய பெயருக்கு ஒரு வரி சேர்த்தால் போதும்.